கல்லுக்குழியில் வெடி பார்த்த வாரம்

பெப்ரவரி 5, செவ்வாய்

விடியற்காலை மழை, பிறகு மூடுபனி. தெமோதரை ஸ்டேஷனுக்கு நடந்து முடிவதற்குள் வெள்ளைப் பாவாடை முழங்கால் வரை சேறு. ரயில் தாமதம். முதல் பாடம் போய்விட்டது. கணக்கில் இரண்டு பிழை, இரண்டும் கவனக் குறைவு.

பின்னேரம் வந்தபோது எங்கள் லயத்து வரிசைவீட்டு ஆட்கள் எல்லோரும் வாசலில். நேற்றிரவும் பன்றிகள் வந்திருக்கின்றன. மேல்மலைக் காட்டோரம் போட்ட வத்தாளைக் கிழங்குக் கொடியெல்லாம் கிளறிக் கிடக்கிறது. எங்கள் பாத்தியில் பாதி. ஒரே சுவருக்கு அடுத்த காம்பராவில் இருக்கிற செல்லம்மா அத்தையின் பாத்தியில் முக்கால்வாசி.

அரிசி குறைத்துவிட்டார்கள். கோதுமை மாவு இந்த வாரமும் வரவில்லை. பதுளையில் பாண் வாங்க விடியுமுன் வரிசை. அந்தக் கிழங்கை நம்பித்தான் லயம் இருக்கிறது. அம்மா தன் பங்கைத் தம்பிக்குப் போட்டுவிட்டு வெறும் தேத்தண்ணீர் குடிக்கிறார். பசிக்கவில்லை என்கிறார். தினமும் எப்படிப் பசிக்காமல் இருக்கும்?

செல்லம்மா அத்தையின் வீட்டுக்காரர் ராமையா மாமாதான் தேயிலைத் தோட்டத்துக் காவல்காரர். இனி ரா. மாமா என்றே எழுதுகிறேன். அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போனார். துரை சொன்னதாக மாமா வந்து சொன்னது:

பங்களாச் சுவரில் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பழைய துப்பாக்கி (லயத்தில் துவக்கு என்போம்) மூன்று இருக்கின்றன. தோட்டா இல்லை, கடையிலும் கிடைக்காது. வெறும் பித்தளைக் கூடுகள் ஒரு பெட்டி இருக்கின்றன. அதில் நீங்களே மருந்து போட்டுக் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கல்லுக்குழியில் சுட்டுப் பார்ப்போம். சரியாக இருந்தால் ஒரு துப்பாக்கி ராமையாவிடம், காவலுக்கு. சரியில்லாவிட்டால் காட்டோரத்தில் பயிர் போடுவதையே விட்டுவிட வேண்டும்; இரவில் ஆட்கள் அங்கே படுத்துக் கிடந்து ஏதும் ஆனால் அவரால் பதில் சொல்ல முடியாதாம்.

மருந்து போடுகிற வேலை அப்பாவுக்கு. பெக்டரியில் சல்லடை அறையில் இருபது வருஷமாக இருப்பவர். அளவு தப்பாத கை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பெப்ரவரி 7, வியாழன்

தூறல். குளிர்.

அப்பா இரண்டு நாளாக வேலை முடிந்து வந்ததும் இதே வேலை. ஈயம் கிடைத்தது எப்படி என்றால், பழைய தேயிலைப் பெட்டிகளின் உள்ளே ஒட்டிய ஈயத்தாள். பெக்டரி மூலையில் எத்தனையோ காலமாகக் கிடந்தது. உருக்கி, பங்களாவிலிருந்து வந்த அச்சில் ஊற்றினார். குண்டு விழும்போது வெள்ளி மாதிரி, ஆறியதும் சாம்பல் நிறம். தம்பி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அடி வாங்கினான்.

மருந்து, ரோட்டு வேலைக்குக் கல் உடைக்கிற வெடிமருந்து. நமுத்துப் போய்க் கட்டி கட்டியாக இருந்தது. பெக்டரியில் இலை வாட்டுகிற தட்டில் போட்டுக் காயவைத்தார். பிறகு பழைய சல்லடை வலை மூன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இலையைப் பிரிப்பது போலவே பிரித்தார். பெரிசு ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம், கடைசி வலையில் இறங்கிய தூள் ஒரு பக்கம். தூள் தனியாக ஒரு டப்பாவில்.

அம்மா: "அடுப்புக்குப் பக்கத்துல வச்சு சலிக்கிறீங்களே. தகரத்தோட சேத்து எங்களயும் கூரைக்கு மேல அனுப்பப் போறீங்களா?"

அப்பா அடுப்பை அணைக்கச் சொன்னார். அணைத்ததில் நஷ்டமில்லை, அதில் ஒன்றும் வேகவில்லை.

ரா. மாமா வந்து வாசலில் குந்திக்கொண்டு பார்த்தார். "என்ன மச்சான், துவக்குக்கு டீ போடுறியா?"

அப்பா சிரிக்கவில்லை. வேலை செய்யும்போது சிரிக்க மாட்டார். "பெரிய இலை மெதுவா சாயம் விடும். தூளுதான் சட்டுன்னு விடும், கடுப்பாவும் இருக்கும். மருந்தும் அப்புடித்தான் இருக்கணும். தூள ஒனக்குன்னு வச்சிருக்கேன். பன்னித் தோலு தடிப்பாச்சே."

"அப்ப சீனிய கொறச்சுப் போடு" என்றார் மாமா.

தேயிலை ருசி பார்க்கிற அறையிலிருந்து இரவல் வாங்கிய சின்னத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்தார். எல்லாக் கூட்டுக்கும் ஒரே நிறை. ஒரு துளி கூடினாலும் எடுத்துவிட்டார். நான் விளக்குப் பிடித்தேன், தள்ளி நின்றுதான். மூக்கெல்லாம் கந்தக மணம்.

பெப்ரவரி 9, சனி

வெயில் கொஞ்சம். துணி காய்ந்தது.

இன்று எனக்கும் ஒரு வேலை. சுடுவதற்குக் குறி வேண்டும். தேயிலைப் பெட்டிப் பலகையில் கரியால் பன்றி வரைந்தேன். விலங்கியல் படத்தைப் பார்த்து அளவெடுத்து: தோள், கோரைப்பல், முதுகு மயிர். இதயம் இருக்குமிடத்தில் ஒரு வட்டம். பலகையின் மறுபக்கத்தில் தோட்டத்து முத்திரை எழுத்து.

பெரிய கிளாக்கரையா (தோட்டத்துக் கந்தோரில் கணக்கெழுதுகிற யாழ்ப்பாணத்துக்காரர்) பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை இது, பண்டியோ? எனக்கெண்டா நாய் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். கால்களைக் குட்டையாக்கினேன். அவர் சொன்னது சரிதான்.

செல்லம்மா அத்தை இரண்டு கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார், பன்றி விட்டுவைத்ததில். தம்பிக்கு. "நாளையிலேருந்து ஒங்க மாமா துவக்கோட நிப்பாரு. பன்னி வந்து சலாம் போட்டுட்டுப் போகும்" என்றார்.

பெப்ரவரி 10, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

காலையில் பனி இல்லை. தினமும் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கூடி எல்லோரும் கல்லுக்குழிக்குப் போனோம். ஞாயிறு என்பதால் லயமே வந்தது. பெண்கள், பிள்ளைகள் மேலே வரம்பில் உட்கார்ந்தோம். கீழே துரை, பெ. கிளாக்கரையா, அப்பா, ரா. மாமா. எதிரே மண்சுவரில் என் பன்றி.

முதலில் துரையே சுட்டார், பெரிய மருந்து போட்டது. விசையை இழுத்து ஒரு கணம் கழித்துத்தான் வெடித்தது. நிறையப் புகை. குண்டு பலகைக்கு முன்னால் தரையில் விழுந்து மண்ணைக் கிளப்பியது. இரண்டாவது துப்பாக்கி, சின்ன மருந்து. இதில் ஒன்று வெடிக்கவே இல்லை. மற்றது பன்றியின் பின்காலில் பட்டுப் பலகையில் பாதி இறங்கி நின்றது.

துரை குண்டை விரலால் பிடுங்கி அப்பாவிடம் காட்டினார். "வேலு, இது பன்டிக்குச் சொறிஞ்சி விடுறதுக்கா?" அவருடைய தமிழ் அப்படித்தான். கிளாக்கரையா சிரித்தார். மேலே யாரும் சிரிக்கவில்லை. துரை கையைத் துடைத்துக்கொண்டு போகத் திரும்பினார். எனக்குப் பக்கத்தில் யாரோ, "அவ்வளவுதான், கொடிய புடுங்கிற வேண்டியதுதான்" என்றார்கள். அம்மா தம்பியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அப்பா சொன்னார்: "தொரைங்களே, இன்னும் ஒரு ரகம் இருக்குங்க."

டப்பாவைத் திறந்தார். தூள் போட்ட தோட்டாக்கள்.

துரை மூன்றாவது துப்பாக்கியை ரா. மாமாவிடம் நீட்டினார். காவலுக்குப் பிடிக்கப்போவது அவர்தானே, அவரே சுடட்டும் என்று. மாமா சட்டைக் கையை மடித்துவிட்டு, மேலே எங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், கூத்தில் ராஜா வருவது போல. எல்லோரும் சிரித்தோம்.

முதல் வெடி வேறு மாதிரிச் சத்தம். காது அடைத்தது. மலை திருப்பிச் சொன்னது. மாமா ஓரடி பின்னால் போனார். பலகையில் வட்டத்துக்குள் ஓட்டை, அதற்குப் பின்னால் மண்சுவரிலும் ஓட்டை. கைதட்டல், விசில். துரை தலையாட்டினார். "அது. இன்னொண்ணு போடு."

மாமா தோளைத் தேய்த்துக்கொண்டார். உடனே போடவில்லை. அப்பா, "என்ன மச்சான்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றார் மாமா. மேலே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நானும்.

இரண்டாவது வெடி முன்பக்கமாகப் போகவில்லை.

துப்பாக்கியின் பின்பக்கத்து இரும்பு பிய்ந்து வந்துவிட்டது. மாமா உட்கார்ந்தார். விழவில்லை, உட்கார்ந்தார். முகத்தின் வலது பக்கம் கறுப்பு, அதற்கு மேல் சிவப்பு. கையை முகத்துக்குக் கொண்டுபோனார்; அதில் பெருவிரல் இல்லை. "செல்லம்மா, வெளக்க ஏத்து" என்றார். பட்டப்பகல்.

அத்தை வரம்பிலிருந்து சறுக்கியே இறங்கினார்.

தேயிலை லொறியில் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவும் ஏறப்போனார், கிளாக்கரையா தடுத்துவிட்டார். மாமாவின் மகன் செல்வம் மட்டும் போனார்.

பன்றியின் பலகையை யாரோ கொண்டுபோய்விட்டார்கள், விறகுக்கு.

பெப்ரவரி 11, திங்கள்

மழை. பள்ளிக்குப் போகவில்லை.

செய்தி: வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். இடது கண் இன்னும் சொல்ல முடியாது.

மத்தியானம் பெ. கிளாக்கரையா லயத்துக்கு வந்தார். குடையை மடக்காமலே வாசலில் நின்று அப்பாவிடம் பேசினார். நான் உள்ளே கதவுக்குப் பின்னால்.

"வேலு, பொலிசு கேட்டா ஒரு கதைதான். ராமையா தன்ர சொந்தத் துவக்கோட காட்டுக்குப் போனவன், அங்க வெடிச்சது. கல்லுக்குழியில ஒருத்தரும் இல்லை. விளங்குதோ?"

"அது பொய்யிங்களே ஐயா."

"பொய்தான். உண்மையச் சொன்னா முதல்ல ஆர் உள்ள போறது? வெடிமருந்தை வீட்டுக்குள்ள வச்சுத் தோட்டா செய்தவன் ஆர்? இப்ப காலம் எப்பிடி எண்டு தெரியும்தானே, மருந்து எண்டாலே பிடிச்சு அடைக்கிறாங்கள். துரைக்கு ஒண்டும் வராது. உன்னைக் காப்பாத்தத்தான் இந்தப் பாடு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கிளாக்கரையா போனபிறகும் அதே இடத்தில் நின்றார்.

கிளாக்கரையா கெட்டவர் இல்லை. போன வருஷம் எனக்கு அகராதி தந்தவர். இது எனக்குப் புரியவில்லை.

மாலை. மிச்சமிருந்த மருந்தைப் புதைக்கப்போகிறேன் என்று அப்பா எடுத்தார். புதைக்கும் முன் எங்களை வெளியே போகச் சொன்னார். நான் பலகை இடுக்கால் பார்த்தேன். அடுப்புக் கல்லில் பெரிய மருந்து ஒரு சிட்டிகை, தள்ளி, தூள் ஒரு சிட்டிகை. கொள்ளியை நீட்டினார். பெரியது சீறிக்கொண்டு எரிந்தது, பார்த்துக்கொண்டிருக்கும் அளவுக்கு. தூள் எரிந்ததையே நான் பார்க்கவில்லை. ஒரு பளிச், அவ்வளவுதான். கல் வெறுமையாக இருந்தது.

ஒரே நிறை. ஆனால் ஒரே வேகம் இல்லை. பழைய இரும்பு அதைத் தாங்கவில்லை.

அப்பா அந்தக் கல்லைப் பார்த்தபடி குந்தியிருந்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் சொன்னது இதுதான்: "நல்லத அவனுக்குன்னு எடுத்து வச்சேன்."

அம்மா, "மெதுவா பேசுங்க. செவருக்கு அந்தப் பக்கம் ஆளிருக்கு" என்றார்.

பெப்ரவரி 13, புதன்

பனி. பள்ளி. ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

லயத்துக்கு மனு, கடிதம் எல்லாம் எழுதுவது நான். இன்று செல்லம்மா அத்தை கடதாசியோடு வந்தார். முழு வெள்ளைத்தாள் இரண்டு, மடிப்பு விழாமல், செல்வத்தைக் கடைக்கு அனுப்பி வாங்கியது.

"சரசு, நீதான் மேலேருந்து எல்லாம் பாத்தியே. தொரை குடுத்த துவக்கு, தொரை முன்னால வெடிச்சிச்சுன்னு ஒரு மனு எழுது புள்ள. தொழில் கந்தோருக்கு. கண்ணுக்கு நட்டஈடு குடுக்கணுமாம். இல்லாட்டி நாங்க எப்புடி இருக்கிறது?"

அப்பா உள்ளே இருந்தார். இருமல் சத்தம் கூட இல்லை.

அத்தை கேட்பதில் ஒரு பொய்யும் இல்லை. அதை எழுதினால் அடுத்த கேள்வி, தோட்டா யார் செய்தது என்பது.

"பரீட்சை இருக்கு அத்த. முடிஞ்சதும் எழுதுறேன்" என்றேன். இந்த மாதம் பரீட்சை இல்லை.

"படி, படி. மொதல்ல படிப்புதான்" என்றார். தாள்களை என் புத்தகத்துக்குள் அவரே வைத்துவிட்டுப் போனார்.

பொய் சொல்வது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை.

பெப்ரவரி 16, சனி

வெயில். பதுளை ஆஸ்பத்திரி. அப்பா என்னையும் கூட்டிப்போனார், வார்ட்டுப் பலகைகளைப் படித்துச் சொல்ல. மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அப்படியே பொலிசுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா தடுக்கவில்லை. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார்.

மாமா இரண்டு கண்ணிலும் கட்டோடு சாய்ந்திருந்தார். வலது கை தலையணை அளவு. அப்பா ஆரஞ்சுப் பழத்தை மடியில் வைத்ததும், "யாரு, டீக்கடைக்காரனா?" என்றார். குரல் மட்டும் பழைய மாமா.

"மச்சான், அந்த மருந்த நாந்தான்..."

"தெரியும்."

"தூளா சலிச்சதாலதான்..."

"தெரியும்டா. மொத வெடிக்கே மாடு ஒதைக்கிற மாதிரி தோள்ல ஒதச்சிச்சு. பின்னால இரும்பு லேசா அசஞ்சிச்சு. கை சொன்னிச்சு, போடாதன்னு."

"அப்பறம் ஏன் போட்ட?"

மாமா மடியிலிருந்த பழத்தை உருட்டினார். "கை தட்டுனாங்கள்ல" என்றார்.

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அவரால் பார்க்க முடியாது என்று பிறகுதான் நினைவு வந்தது.

அப்பா பொலிசுக்குப் போகப்போவதாகச் சொன்னார். மாமா இடது கையால் துழாவி அப்பாவின் சட்டையைப் பிடித்தார்.

"போனியோ, எம் மவன் வயித்துல அடிச்சவன் நீ. செல்வத்துக்குக் காவக்கார வேலை தாரேன்னு தொரை ஆள் அனுப்பிட்டாரு. நேத்து கடதாசில கைநாட்டு வச்சுட்டேன், எஞ்சொந்தத் துவக்குன்னு. வலது பெருவெரல் இல்ல, எடதுல வச்சா செல்லுமான்னு கேட்டேன். செல்லுமாம்."

"தங்கச்சி செல்லம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல. கண்ணுக்குக் காசு வரும்னு இருக்கா. நா வீட்டுக்கு வந்து சொல்லிக்கிறேன். மருந்து வெசயத்த மட்டும் நீயும் சொல்லாத, நானும் சொல்ல மாட்டேன். ஒரு செவரு நம்ம ரெண்டு வீட்டுக்கும். அவ சண்டை புடிச்சா நாம ரெண்டு பேரும் எங்கடா போறது?"

திரும்பி வரும்போது பொலிஸ் நிலையத்தைத் தாண்டித்தான் பஸ் நிலையம். அப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார். பிறகு நின்றார். பிறகு நடந்தார். வெள்ளைச் சட்டையில், மாமா பிடித்த இடத்தில் கசங்கல்.

அப்பா பயந்துவிட்டாரா, மாமாவின் பேச்சைக் காப்பாற்றினாரா? இரண்டுமாக இருக்கலாம். கேட்க எனக்குத் துணிவில்லை.

பெப்ரவரி 18, திங்கள்

மழை. ரயில் நேரத்துக்கு வந்தது. ஆங்கிலச் சொல்வதெழுதல் முழுப் புள்ளி.

செல்வம் இன்று காவல் வேலைக்குப் பெயர் கொடுத்தார். துப்பாக்கி கிடையாது. ஒரு டோர்ச், ஒரு தகரம், ஒரு தடி. காட்டோரப் பயிரை இந்த மாதக் கடைசிக்குள் அழித்துவிட வேண்டும் என்று பெரட்டில் சொல்லிவிட்டார்கள். ஆகவே லயத்து ஆட்கள் இருப்பதைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், முற்றியதும் முற்றாததும்.

அப்பா வேலைக்குப் போகிறார், வருகிறார். சல்லடை அறையிலிருந்து இலை வாட்டுகிற மாடிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பெக்டரியைப் பார்க்கிற டீமேக்கர் ஏன் என்று கேட்டதற்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாராம்.

பின்னேரம் செல்லம்மா அத்தை வந்தார். மடி நிறைய வத்தாளைக் கிழங்கு, அவருடைய பாத்தியில் மிஞ்சியது எல்லாம். மனு எழுதித் தருகிறவர்களிடம் வெறும் கையோடு போகக் கூடாது என்பது இங்கே வழக்கம். அம்மா, "எதுக்கு மதினி, வேணாம்" என்று திருப்பித் தள்ளினார். அத்தை கேட்கவில்லை.

"இருக்கட்டும். அண்ணனுக்கு அவிச்சுக் குடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி அவரப் பாத்துட்டு வந்த ஒரே ஆளு. வேற எவன் போனான்? சரசு, பரீட்ச முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சது அத்த."

"அப்ப இன்னிக்கு எழுதிடு."

அம்மா கிழங்கை உடனே அவிக்கவில்லை. கூடையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பி அழத் தொடங்கியதும் பானையை ஏற்றினார்.

அப்பாவுக்கு முதலில் வைத்தோம். தட்டைத் தொடாமல் எழுந்து வெளியே போய்விட்டார், மழையில். அவர் பங்கை அம்மா மூன்றாகப் பிரித்தார். நான் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. சூடாக இருந்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு வயிறு நிறைந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல்: "சரசு, எழுதிட்டியா?"

என் வாய் நிறையக் கிழங்கு. அம்மா என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"நாளைக்கு எழுதுவா மதினி."